நாய்ப் பங்கு

என் தாய்மாமாவுக்குத் தன் வேட்டை நாய்கள் மேல் இருந்த கரிசனத்தில் கால்வாசியாவது என் அக்கா மேல் இருந்திருந்தால் நான் இதை எழுத வேண்டி வந்திருக்காது. அவர் செத்துப் பல வருஷமாகிவிட்டது. என் கோபம் மட்டும் நல்ல திடகாத்திரமாக இருக்கிறது.

கண்டி மலைநாட்டில், பன்வில பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் ஆளுக்கு ஒற்றை அறைதான்; கடைசிக் காம்பரா எங்களுடையது, அதற்கு அடுத்தது மாமாவுடையது. அப்பா இல்லாத வீடு என்பதால் மாமா வைத்ததுதான் சட்டம். ஞாயிற்றுக்கிழமையானால் ஆட்களையும் நாய்களையும் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் போய்ப் பன்றி அடித்துவருவார். லயத்துக்கே மலைத் தண்ணீர் வந்து விழுகிற பீலியடியில் வைத்து அறுப்பார்கள். இறைச்சியைக் கூறு போடும் முன்னால் நாய்ப் பங்கு எடுத்தாக வேண்டும். மடக்கிப் பிடித்தது நாய், அது தின்னாமல் மனிதன் கை வைக்கக் கூடாது என்பது அவருடைய நியாயம். குடலும் நுரையீரலும் பச்சையாகவே நாய்களுக்குப் போகும். சில பன்றிகளின் ஈரலில் வெள்ளை வெள்ளையாகத் தண்ணீர்க் கட்டிகள் இருக்கும். "இது மனுசனுக்கு ஆகாது, நாய்க்குப் போடு" என்பார். நாய்க்கு ஆகும் என்று அவருக்கு யார் சொன்னார்களோ!

அந்த நாய்களைக் குளிப்பாட்டி உண்ணி பொறுக்குவது சின்ன வயதிலிருந்தே அக்காவின் வேலை. மாமா மகனுக்கு அவளைக் கொடுப்பதாகப் பேச்சு இருந்தது. அதனால் அந்த வீட்டு வேலையெல்லாம் அவள் தலையில் விழுந்தது. நாய்கள் அவள் முகமெல்லாம் கையெல்லாம் நக்கும். அந்தக் கையோடேயே அவள் எனக்கு ரொட்டி பிய்த்துத் தருவாள். லயத்துக்குப் பின்னால் நாய்கள் அசிங்கம் பண்ணுகிற அதே இடத்தில் முளைத்த வல்லாரையை ஒரு தண்ணீரில் அலசிச் சம்பல் போட்டுத் தின்போம்.

கல்யாணத்துக்கு நாள் பார்க்கலாம் என்று பேசிக்கொண்டிருந்த வருஷம் அக்காவின் வயிறு ஊதத் தொடங்கியது. முதலில் வலது விலாவுக்குக் கீழே கனம், பிறகு வலி, பிறகு சட்டைக்கு மேலாகத் தெரிகிற மேடு. தோட்டத்து மருந்துக்காரர் தொட்டுக்கூடப் பார்க்காமல் ஒரு போத்தலில் மருந்து ஊற்றிக் கொடுத்தார். கொழுந்து பறிக்கிற மலையில் பேச்சு கிளம்பிவிட்டது. அதை வீட்டுக்குள் கொண்டுவந்தவர் மாமாதான். எங்கள் வாசலில் நின்று, லயம் முழுக்கக் கேட்கிற மாதிரி, "யாருடி அவன்?" என்றார்.

அக்கா அவரைப் பார்க்கவேயில்லை. அம்மாவிடம்தான் சொன்னாள்.

"மாசா மாசம் நான் துணி தொவைக்கிறத நீ பாக்கிறதானேம்மா. சொல்லும்மா."

அம்மா தரையைப் பார்த்தாள். "அண்ணே, கொஞ்சம் மெதுவா பேசுங்க" என்றாள். அவ்வளவுதான் அவள் வாயிலிருந்து வந்தது.

எல்லோருடைய துணியையும் அக்காதானே துவைக்கிறாள், இதில் அம்மா சொல்ல என்ன இருக்கிறது என்று சின்னப் பிள்ளையான எனக்கு விளங்கவில்லை. மாமா காறித் துப்பிவிட்டு, தன் மகனுக்கு வேறு பெண் கிடைப்பாள் என்று சொல்லிப் போய்விட்டார். அன்றிலிருந்து அக்காவை அம்மா வெளியே விடவில்லை. தண்ணீருக்கு நான்தான் பீலிக்குப் போனேன். அங்கே பெண்கள் சிரித்துக்கொண்டே அக்காவைச் சுகம் விசாரிப்பார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் கிடக்கிறது. அவளைத் தேடி வந்தவை நாய்கள் மட்டும்தான். மூடிய கதவைப் பிராண்டிவிட்டுப் போகும்.

ஒரு காலையில் அவள் வலியில் சுருண்டு விழுந்தாள். கண்ணெல்லாம் மஞ்சள். கொழுந்து லொறியில் ஏற்றிக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். அம்மா எடுத்த எடுப்பிலேயே "கல்யாணம் ஆகாத புள்ளைங்க ஐயா" என்று அழுதாள். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. வயிற்றை அழுத்திப் பார்த்தார், படம் எடுக்கச் சொன்னார், பிறகு கேட்டார்.

"வீட்டில நாய் வளக்கிறனீங்களோ? அதுக்குப் பச்சை ஈரல் போடுறனீங்களோ?"

பன்றி ஈரலில் இருந்த தண்ணீர்க் கட்டியை நாய் தின்றால் அது நாயின் குடலில் நாடாப்புழுவாகும். அந்தப் புழுவின் முட்டை நாயின் கழிவிலும் மயிரிலும் இருக்கும். கையிலோ கீரையிலோ ஒட்டி மனிதன் வாய்க்குள் போனால், பன்றிக்கு வந்த அதே கட்டி மனிதனுக்கும் வரும். இதை அவர் பொறுமையாகச் சொன்னார். "இண்டைக்கு நேற்று வந்த கட்டி இல்லை அம்மா. சின்னப் பிள்ளையா இருக்கேக்கயே உள்ள போயிருக்கும்."

வயிற்றைக் கிழித்துக் கட்டியை எடுத்தார்கள். அக்கா பிழைத்துக்கொண்டாள். சேதி கேட்ட மாமா, "வாயில்லாத சீவன் மேல பழி போடாதீங்க" என்றார். வாயுள்ள பெண் மேல் போடலாம் போலிருக்கிறது. அடுத்த ஞாயிறும் பீலியடியில் நாய்ப் பங்கு எடுத்துப் போட்டார். பேசிய வாய்களில் ஒன்றாவது அக்காவிடம் வந்து மன்னிப்புக் கேட்டதா? இல்லை. தையல் போட்ட இடத்தைப் பார்க்க மட்டும் வரிசையாக வந்தார்கள். அத்தனை பேருக்கும் அறுத்துக் காட்ட வேண்டியிருந்தது, அவள் வாயால் சொன்னது போதவில்லை.

கட்டியை எடுத்த மறுநாளே வார்டில் அம்மா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு, "எனக்குத் தெரியாமப் போச்சே தாயி" என்று கதறினாள். அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பெற்றவள் இவ்வளவு அழுகிறாள், ஒரு வார்த்தை பேசினால் என்ன, இவளுக்கு இத்தனை கல்நெஞ்சா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

சில வருஷம் கழித்து நான் பெரிய மனுஷியானேன். அம்மா பழைய சேலையைக் கிழித்துத் துணி மடித்துத் தந்தாள். எங்கே துவைப்பது, யார் கண்ணிலும் படாமல் எந்த மூலையில் காயப்போடுவது என்று சொல்லிக் கொடுத்தாள். ஒரே காம்பராவில் எதைத்தான் மறைக்க முடியும்? மாதா மாதம் எனக்கு வயிறு வலிக்கத் தொடங்கும் முன்பே துணி என் தலைமாட்டில் மடித்து வைக்கப்பட்டிருக்கும். வயிறு ஊதிக்கொண்டிருந்த அந்த மாதங்களிலும் அக்காவுக்கு அம்மா அப்படித்தான் வைத்திருப்பாள்.