ராடாருக்கு வழிவிட்ட பெட்டி

முருகலட்சுமிக்கு மூன்று எச்சரிக்கைக் கடிதங்கள் வந்திருக்கின்றன. மூன்றிலும் ஒரே குற்றம்: வேலை நேரத்தில் இருக்கையை விட்டு எழுந்து போய்விடுகிறாளாம். நான் பக்கத்து வீட்டுக்காரி. அவள் கதவு திறந்தால் எனக்குத் தெரியாமல் போகாது. சாப்பாட்டு நேரம் தவிர அது திறந்ததே இல்லை. அந்தக் கடிதங்களைப் படித்தபோது வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சென்னையில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கால் சென்டரில் ஆறு வருடம் இருந்தவள். அவள் அய்யாவுக்குப் பக்கவாதம் வந்ததும், வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கிக்கொண்டு மண்டபத்துக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊருக்கு வந்துவிட்டாள். நான்காவது கடிதம் வந்தால் வேலை போய்விடும். வேறு வேலைக்குச் சென்னைக்குத்தான் போக வேண்டும். அப்புறம் அய்யாவைத் தூக்கி உட்காரவைக்க யார் இருக்கிறார்கள்?

வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டிருக்கும்போதே வைஃபை போகும். ஒரு நிமிடம் கழித்துத் தானாக வரும். அந்த ஒரு நிமிடத்தை அலுவலகக் கணினி 'ஆள் இல்லை' என்று பதிந்துகொண்டது. "ஊர்ல ஆடு மேய்க்கப் போயிடுறீங்களா மேடம்?" என்று மேலாளர் நக்கலாகக் கேட்டார். ஊர்ப்பக்கம் இருப்பவள் என்றால் ஆட்டுக்குப் பின்னால்தான் ஓடுவாள் என்று இவருக்கு யார் சொன்னது?

இணையம் கொடுத்த நிறுவனத்திலிருந்து மாரீஸ்வரன் என்ற பையன் நான்கு முறை வந்தான். "கடக்காத்துக்கா, உப்பு அரிச்சிருக்கும்" என்று வயரை மாற்றினான். பிறகு சுவர் தடிமன் என்றான். கடைசியில் அவளே ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, அது எழுதி வைத்திருந்த பதிவைப் படித்தாள். இணைப்பு அறுந்த நேரங்களை அவள் காலண்டரில் குறித்து வைத்திருந்தாள். ஒவ்வொன்றுக்கும் நேராக அங்கே ஒரே வரி: ராடார் தென்பட்டது, சேனல் மாற்றப்படுகிறது.

வைஃபை அலை போகும் தடங்களான சேனல்களில் காலியாக இருப்பதைத் தானே தேடிப் பிடித்துக்கொள்ளும் ரவுட்டர் அது. சில சேனல்கள் ராடாருக்கும் உரியவை. ராடார் வந்தால் பெட்டி உடனே ஒதுங்கிவிட வேண்டும். போகும் இடமும் அப்படிப்பட்ட சேனல் என்றால், அங்கே ராடார் இல்லை என்று ஒரு நிமிடம் கவனித்த பிறகே பேசலாம். விதியில் தப்பில்லை. கடற்கரையில் ராடார் இருக்கும் என்பது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். அதற்கேற்பப் பெட்டியை அமைத்துக் கொடுக்கத்தான் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"ஏலே, இது ஒனக்குத் தெரியாதா?" என்று மாரீஸ்வரனைப் போனில் கூப்பிட்டுக் கேட்டாள்.

"எங்களுக்கு இதெல்லாம் சொல்லித் தரலக்கா."

அவனைத் திட்டி என்ன ஆகப்போகிறது? ராடாருக்குச் சம்பந்தமில்லாத முப்பத்தாறாம் சேனலில் அவளே பெட்டியை நிறுத்தினாள். இரண்டு நிமிட வேலை. அதற்குப் பிறகு ஒரு தடவைகூட அறுபடவில்லை.

இரண்டு மாதம் பார்த்துவிட்டு, பழைய பதிவை மேலாளருக்கு அனுப்பினாள். அவர் போனில் கூப்பிட்டபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"வார்னிங் கொடுத்ததுக்கு அப்புறம் நல்லா இம்ப்ரூவ் ஆயிட்டீங்க மேடம்."

"நான் எந்திரிச்சே போகல சார். அந்த மூணு லெட்டரையும் எடுத்துருங்க."

"அது சிஸ்டத்துல ஏறிடுச்சு, எடுக்க முடியாது. அதான் வேலை இருக்குல்ல, விடுங்க."

அவள் விடவில்லை. தினமும் அய்யாவுக்குக் கஞ்சி கொடுத்து முடித்ததும், அதே பதிவை இணைத்து அதே கோரிக்கையை மேலாளருக்கு அனுப்புகிறாள். இன்றோடு நாற்பத்தோரு நாள். ஒன்றுக்கும் பதில் இல்லை. அனுப்பிய கையோடு ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "வணக்கம், உங்களுக்கு எப்படி உதவலாம்?" என்று சிரித்த குரலில் ஆரம்பிக்கிறாள். அந்தக் குரலைக் கேட்கும்போதுதான் எனக்கு வயிறு எரிகிறது.