மூடிக்குள் தேங்கிய கேஸ்

பக்ரீத் கறியைக் கனமான துண்டாக வெட்டி, என் கணவர் மொட்டை மாடியில் கேஸ் கிரில் போட்டார். கம்பி நன்றாகக் காய்ந்தால்தான் கறித்துண்டு மேலே முறுகும் என்று மூடி போட்டுக் காயவிட்டார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் மூடியில் சூடே இல்லை. காற்றில் தீ அணைந்திருந்தது.

“கேஸ அமத்திட்டு மூடியத் தொறங்க” என்றேன்.

“தொறந்தா இம்புட்டுக் காத்துக்கு மறுபடி அணைஞ்சுரும்” என்றவர், சமையல்கட்டு அடுப்பு அணைந்தால் செய்வதைப் போல அப்படியே மறுபடி பற்றவைத்தார். மூடி எகிறி, தீ அவர் முகத்தில் அடித்தது.

வலது கண்ணில் பார்வை திரும்பவில்லை.

இப்போதெல்லாம் நான் சொல்லிக்கொண்டு நிற்பதில்லை. யார் வீட்டுக் கிரில்லானாலும் பற்றவைக்கும் முன் நானே போய் மூடியைத் திறந்துவிடுகிறேன். அணைந்தால் சிலிண்டரை மூடி, வாடை போகும்வரை யாரையும் தொடவிடுவதில்லை.

காலையில் டீ போட லைட்டரை அழுத்தினால், அடுத்த அறையில் அவர் கை முகத்துக்குப் போகிறது.