எறும்பு ஏறாத கேக்

இன்று அம்மாவின் ட்ரங்குப் பெட்டியைத் திறந்ததும் அந்துருண்டை வாசனை குப்பென்று வந்தது. எனக்கு உடனே கேக் ஞாபகம்தான்.

தியாகதுருகத்தில் நான் ஐந்தாவது படித்தபோது எங்கள் டீச்சருக்கு மாற்றல் வந்தது. அவருக்குக் கொடுக்க, குண்டானில் மணலைச் சூடாக்கி, அதற்குள் கிண்ணத்தை வைத்து அம்மா முதன்முதலாகக் கேக் சுட்டாள். டீச்சர் கிளம்ப இரண்டு நாள் இருந்தது. வீடெல்லாம் எறும்பு.

"எறும்பு ஏறாத எடம் வூட்ல இது ஒண்ணுதான்" என்று கேக்கைத் துணியில் சுற்றி, பெட்டியில் கல்யாணப் புடவைக்குப் பக்கத்தில் வைத்தாள். கேக்கைக் கொடுக்கும்போது டீச்சரிடமும் அதைப் பெருமையாகச் சொன்னாள்.

டீச்சர் எங்கள் எதிரிலேயே ஒரு துண்டு சாப்பிட்டார். முகம் மாறவில்லை. "நல்லா இருக்குதுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து, எனக்கென்று பெட்டியிலேயே வைத்திருந்த ஓரத்துண்டைக் கிள்ளி வாயில் போட்ட அம்மா, உடனே துப்பினாள்.

"இதையாடி அவங்க தின்னாங்க?"

அன்று அவள் சோறு தின்னவில்லை.

பத்து நாள் கழித்து டீச்சரிடமிருந்து கார்டு வந்தது. அம்மாவுக்கு நான்தான் படித்துக் காட்டினேன். 'நீங்கள் சொன்னபடியே, கேக்கில் கடைசிவரை ஒரு எறும்புகூட ஏறவில்லை.'

அம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

அந்தக் கார்டைத்தான் இன்று பெட்டியில் தேடினேன். புடவை மடிப்புக்குள் இருந்தது. ஒரு பூச்சிகூட அரிக்கவில்லை.