ஹோஸ்டன் கட்டிய படகுக்கு யார் பெயர்?

கேட்டவருக்கு இல்லையென்று சொல்லத் தெரியாதவன் ஆர்லின். நங்கூரக் கயிறு, ஒரு குடம் டீசல், அரை பாட்டில் ரம், எது கேட்டுப் போனாலும் யூனியன் தீவுப் படகுக்காரர்கள் அவனிடமிருந்து வெறுங்கையோடு திரும்பியதில்லை. அவன் முன்னால் சொல்லக்கூடாதது ஒரே ஒரு பெயர்தான். ஹோஸ்டன். தெற்கே கரியாக்கூ தீவில் மரப்படகு கட்டுகிறவன். ஆர்லினைக் கல்யாணம் செய்துகொள்வதற்கு முன் வெர்னா இந்த ஹோஸ்டனோடுதான் கார்னிவல் திருவிழாவுக்கு ஆடப் போவாள். பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து, வேலைக்கும் போய்விட்டார்கள். ஆர்லினின் வயிற்றெரிச்சல் மட்டும் அடங்கவே இல்லை.

புருஷன் பாய்மரப் படகு ஓட்ட, பெண்டாட்டி சமைக்க, விடுமுறைக்கு வருகிறவர்களைத் தீவு தீவாகக் கூட்டிப்போவது அவர்கள் பிழைப்பு. எங்கே போவதென்று வந்தவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் வரைபடத்தை விரிப்பவன் ஆர்லின் அல்லவா? கரியாக்கூ இருக்கிற மூலையில் எப்போதும் தன் காபிக் கோப்பையை வைத்துவிடுவான்.

அந்த வாரம் ஸ்வீடனிலிருந்து புருஷனோடு வந்த பிரிட்டா பொல்லாதவள். "கேப்டன், கோப்பைக்கு அடியில என்ன தீவு?" என்று கேட்டுவிட்டாள்.

"அங்க ஒண்ணும் இல்லம்மா. வேற நாடு, பாஸ்போர்ட்ல முத்திரை குத்த நாள் பூரா நிக்கணும். அலையும் மோசம். வடக்க போனா ஆமை பாக்கலாம்."

வறுத்த மீனோடு வந்த வெர்னா சிரித்தாள். "அலையா? குளம் மாதிரி கெடக்கு கடல்! ஞாயித்துக்கிழமை அங்க புதுப் படகு எறக்குறாங்கம்மா. ஆடு வெட்டி, ரம் தெளிச்சு, ஊரே வடம் பிடிச்சு இழுக்கும்."

"யாரு படகு?" என்றான் ஆர்லின், தெரியாதவன் போல.

"ஏன், உனக்குத் தெரியாதாக்கும்!"

பிரிட்டா கோப்பையைத் தூக்கி அந்த மூலையில் விரலை வைத்தாள். வந்தவர்கள் விரல் வைத்த இடத்துக்குப் படகு போயே ஆக வேண்டும்.

புதுப் படகின் பெயர் கட்டியவனுக்கு மட்டுமே தெரியும். கடலில் இறங்கும் நாள்வரை அதைத் துணியால் மூடி வைப்பார்கள். பெரும்பாலும் பெண் பெயர்தான். ரம் கடையில் ஒரு மாதமாக இதே பேச்சு. "ஹோஸ்டன் கட்டைப் பிரம்மச்சாரி. வேற யாரு பேரை வைப்பான்? உன் வீட்டம்மா பேரு கடல்ல மிதக்கப் போகுதுடா ஆர்லின்!"

ஞாயிறு காலை வெர்னா மஞ்சள் கவுனைப் போட்டுக்கொண்டு, காதில் தொங்கட்டானும் மாட்டினாள்.

"சமைக்க வந்தவளுக்கு எதுக்கு இந்தச் சிங்காரம்?"

"திருவிழாவுக்கு அழுக்குத் துணியிலயா போவாங்க? உன் வேலையப் பாருய்யா."

அவள் பெயர் மட்டும் அந்தப் பலகையில் இருக்கட்டும், ஊர் பார்க்க ஹோஸ்டனின் பல்லைப் பெயர்ப்பது என்று ஆர்லின் முடிவு கட்டிவிட்டான்.

கரியாக்கூ கரையில் பாதிரியார் படகை மந்திரித்தார். முட்டுக் கட்டைகளைக் கோடாரி வெட்ட வெட்ட, படகு மெல்லப் பக்கவாட்டில் சாய்ந்தது. ஊரே வடத்தைப் பிடித்தது. வெர்னா முதல் ஆளாக ஓடிப்போய்ப் பிடித்தாள். ஆர்லின் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். படகு தண்ணீரைத் தொட்டதும், அதற்கு ஞானத்தாயாக நின்ற பெண் பெயரை மூடிய துணியை உருவினாள்.

எலோடி.

செத்துப்போன தாயின் பெயரைத்தான் வைத்திருந்தான் ஹோஸ்டன். கூட்டம் "எலோடி! எலோடி!" என்று ஆர்ப்பரித்தது. ஆர்லினுக்குத் தலைகால் புரியவில்லை. பிரிட்டாவின் புருஷனைக் கட்டிப்பிடித்துக் குதித்தான். அதே சிரிப்போடு பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்தான்.

எல்லோரும் வடத்தை விட்டுவிட்டார்கள். வெர்னா மட்டும் பிடித்தபடியே நின்றாள். பெயர்ப் பலகையை விட்டு அவள் கண் நகரவில்லை. முகம் செத்துப் போயிருந்தது. பிறகு, மற்றவர்கள் கைதட்டி ஓய்ந்தபின், அவளும் தட்டினாள்.

ஆர்லின் அருகே போனான். "பெத்தவ பேரு. நல்ல பேருதானே?"

"நல்ல பேருதான்."

"அப்பறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"காலையிலருந்து நிக்கிறேன்ல. கால் வலி."

ஹோஸ்டன் சிரித்துக்கொண்டே வந்து இருவருக்கும் ரம் ஊற்றிக் கொடுத்தான். பாவம், அவனுக்கு ஒன்றும் தெரியாது. அடிப்பதற்கென்று வைத்திருந்த கையாலேயே ஆர்லின் அதை வாங்கிக் குடித்தான். அவள் பெயரையே வைத்திருந்தால் அடிக்க ஒரு ஆளாவது இருந்திருக்கும்.