பக்கத்தில் ஒருத்தர்

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், மருந்துக்கடைக்கும் மாடிப்படிக்கும் நடுவே இருந்த அறக்கட்டளை அறையில் அவளுக்கு வேலை. அடிபட்டுக் கிடப்பவர்களைப் படம் எடுத்து, கீழே நாலு வரி எழுதி, ஊர் உலகத்துக்கெல்லாம் போனில் அனுப்ப வேண்டும். பார்த்து மனம் இரங்குகிறவர்கள் பணம் அனுப்புவார்கள். வாரத்துக்கு ஒரு படம்தான். அதற்கு மேல் போனால் ஜனங்களுக்குச் சலித்துவிடும் என்பது மேனேஜரின் கட்சி. வார்டில் எல்லோரும் அவளைப் படக்காரம்மா என்றே கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆள் மிச்சமில்லை.

யாருக்குக் கொடுப்பார்கள், யாருக்குக் கைவிரிப்பார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. குழந்தை என்றால் அள்ளிக் கொடுப்பார்கள். வயதான ஆண் என்றால் போன் போட்டுக் குடைவார்கள். "குடிப்பாரா?" "தப்பு யார் மேல?" "சொந்தக்காரங்க எங்க போனாங்க?" அடேயப்பா, வீடு வாடகைக்கு விடுகிறவர்கள்கூட இத்தனை கேள்வி கேட்க மாட்டார்கள்!

எல்லாவற்றையும்விட முக்கியம், படத்தில் பக்கத்தில் ஒருத்தர் இருக்க வேண்டும். தோளில் ஒரு கை, கண் கலங்கிய ஒரு முகம். நாதியற்றவனுக்குத்தானே முதலில் கொடுக்க வேண்டும் என்று நீங்களும் நானும் நினைப்போம். அதுதான் இல்லை. அழ ஆள் இல்லாதவனைப் பார்த்தால் யாருக்கும் அழுகை வருவதில்லை. இதில் ஊரைக் குறை சொல்ல அவளுக்கும் வாயில்லை. சம்பளத்திலிருந்து அவள் கொடுத்த சில்லறையும் எப்போதும் குழந்தைப் படத்துக்குத்தான் போயிற்று.

அப்போதுதான் பெயின்டர் வந்து சேர்ந்தார். கட்டடத்துக்கு வெளிப்பூச்சு அடிக்கும்போது சாரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்த மனிதர். சீக்கிரம் ஆபரேஷன் செய்து பிளேட் வைக்காவிட்டால் எலும்பு கோணலாக ஒட்டிக்கொள்ளும், பிறகு நடப்பதே கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மேனேஜர் உதட்டைப் பிதுக்கினார். "இந்த மூஞ்சிக்கு யாரும்மா கொடுப்பா? குழந்தைங்க வார்டுல ரெட்டைப் பிள்ளைங்க வந்திருக்கு. அதுங்களை எடுங்க."

"அதுங்களுக்கு மாவுக்கட்டுப் போட்டாலே போதுமே சார்."

"போதும்தான். ஆனா படம் அழகா வருமே!"

அவள் மாடியேறினாள். பெயின்டரின் கட்டில் ஜன்னலோரம். அங்கிருந்து பார்த்தால் பின்வாசல் படிக்கட்டு தெரியும். மத்தியானத்தில் அவள் உட்கார்ந்து சாப்பிடும் படிக்கட்டு அது.

"கூடப் பிறந்தவங்க யாராவது இருக்காங்களா?"

"இருந்தா உங்ககிட்ட எதுக்கு மேடம் மல்லுக்கட்டிட்டு இருக்கேன்?"

"சரி, முகத்தைக் கொஞ்சம்..."

"என்ன, அழணுமா? வலிக்கும்போது வாங்க. இலவசமா அழறேன்."

சிரிப்பு வந்தது அவளுக்கு. அந்தச் சிரிப்போடுதான் அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள். தோளில் கிடந்த சால்வையைத் தலையைச் சுற்றிப் போட்டுக்கொண்டாள். ஸ்டூலை இழுத்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து, போனை வார்டு ஆயாவிடம் நீட்டி, "ஒண்ணு எடுங்க ஆயா" என்றாள். கண்ணீருக்குக் கொஞ்சம் நடிக்க வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தாள். அவர் தோளில் கை வைத்ததும் தானாகப் பொங்கிக்கொண்டு வந்தது. கடைசியாக ஒரு மனிதரைத் தொட்டது எப்போது என்று அவளுக்கு நினைவில்லை.

"என்ன கூத்து இது?" என்றார் பெயின்டர்.

"உங்க காலுக்குத்தான்."

"பொய் இல்லையா?"

"பொய்தான். பேசாமப் படுங்க."

'தம்பியை விட்டால் இந்த அக்காவுக்கு வேறு யாரும் இல்லை' என்று படத்தின் கீழே எழுதி அனுப்பினாள். சால்வைக்குள் இருப்பது யாரென்று மேனேஜருக்கே தெரியவில்லை. பணம் வந்தது. அதில் பெரும்பங்கு ஒரு இரும்புக்கடை முதலாளியுடையது. ஆபரேஷனுக்கு முந்தைய நாள் அவர் நேரிலேயே வந்துவிட்டார், அக்கா தம்பியைப் பார்க்க வேண்டுமாம். கூடவே மேனேஜர், வாயெல்லாம் பல்லாக.

வார்டில் இருந்த படக்காரம்மா அவர்கள் குரல் கேட்டதும் கட்டிலுக்குப் பின்னால் தொங்கிய திரைக்குள் ஒளிந்துகொண்டாள். இந்த மனுஷனுக்கோ பொய் என்றால் ஆகாது. உண்மையைப் போட்டு உடைத்தால் வந்தவர் கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்பார், இவர் காலும் போச்சு, அவள் வேலையும் போச்சு.

"அக்கா எங்க தம்பி?"

பெயின்டர் ஜன்னல் வழியே பின்வாசல் படிக்கட்டைப் பார்த்தார்.

"அவளா? சாப்பாட்டுல உப்பில்லைன்னு ஒரு வார்த்தை சொன்னேன் சார். மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுப் போயிட்டா. எப்பவும் அப்படித்தான். அவளுக்கு என்ன வேணும்னு வாயத் தெறந்து கேக்கவே மாட்டா. தினமும் படிக்கட்டுல தனியா உக்காந்து சாப்பிடுவா. பாக்கிற நமக்குத்தான் தொண்டையில சோறு எறங்காது."

"அக்கான்னா அப்படித்தாம்ப்பா!" என்று இரும்புக்கடைக்காரர் சிரித்தார். சமாதானம் பண்ணிக்கொள்ளச் சொல்லிவிட்டு, திருப்தியாகக் கிளம்பிப் போனார்.

படம் எடுத்த நாளிலிருந்து அவள்தான் அவருக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள்; அன்று காலை கொடுத்த சாப்பாட்டில் நிஜமாகவே உப்பு குறைவுதான். திரைக்குள் அவள் சால்வையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். அம்மா போன பிறகு அவளைப் பற்றிக் குறைபட்டுக்கொள்ள உலகத்தில் ஒருத்தரும் இருந்ததில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதற்குப் பிறகும் அவள் தினமும் சாப்பாடு கொண்டுபோனாள், உப்பைச் சரிபார்த்து. வீட்டுக்குப் போகிற நாளன்று பெயின்டர் டப்பாவைத் திறக்காமலே கேட்டார்.

"படம் எடுத்தாச்சு, பணமும் வந்தாச்சு. இன்னும் எதுக்கு இதெல்லாம்?"

அவளுக்குச் சுருக்கென்றது. எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. ஒவ்வொரு படம் எடுக்கும்போதும் மனதுக்குள் கேட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னாள்.

"நாளைக்கு நான் விழுந்து கிடந்தா, என் படத்துல பக்கத்துல யாரு இருப்பா?"

அவர் துணிகளைப் பையில் திணித்தார். மேலே சாப்பாட்டு டப்பாவையும் வைத்துக்கொண்டார். கீழே வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். ஊன்றுகோலைக் கக்கத்தில் கொடுத்து, தத்தித் தத்தி வாசல்வரை போனவர் நின்றார்.

"அக்கா, இனிமே ஏணியிலதான் ஏற முடியாது. உன் பக்கத்துல உக்காரத் தெரியும். அழ மட்டும் சொல்லாத."