பதில் சொல்லாத பாட்டுப்பெட்டி

என் துணைவியார் கண்பார்வையை முற்றிலும் இழந்து மூன்றாண்டுகள் ஆகின்றன. பகற்பொழுதில் பாட்டே அவருக்குத் துணை. அதையும் பிறரைக் கூப்பிடாமல், தாமே போட்டுக் கேட்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். அதற்கென்றே தருமபுரிக் கடைக்காரர் ஒருவரிடம், லினக்ஸ் என்ற மென்பொருளில் இயங்கும் பாட்டுப்பெட்டி ஒன்றைச் செய்யச் சொல்லி வாங்கினேன். யாருக்காக என்பதையும் தெளிவாகவே சொன்னேன்.

பெட்டிக்குள் இருப்பது ஒரு சிறு கணினி. பொத்தானை அழுத்தினால் அது முழுதாக எழ நாற்பது நொடி ஆகும். அதுவரை மூச்சு விடாது. நம் வீடுகளில் மிக்சி ஓடாவிட்டால் என்ன செய்வோம்? சுவரிலுள்ள சுவிட்சை அணைத்து மீண்டும் போடுவோம். துணைவியாரும் அதையே செய்தார். பாதி எழுகையில் மின்சாரம் அறுபட்டதால் நினைவட்டை பழுதாகிப் பாடல்கள் அத்தனையும் அழிந்தன.

கடைக்குப் போய் முறையிட்டேன்.

“அம்மாவ சும்மா சும்மா ஆப் பண்ண வேணாம்னு சொல்லுங்க. மேல பச்ச லைட்டு எரியுதுங்களே, பாத்தாலே தெரியுமுங்க.”

பார்வையற்றவருக்கென்று கேட்டு வாங்கிய பெட்டிக்குப் பச்சை விளக்கு! தொடங்கும்போது ஓர் ஒலி வேண்டும் என்று மட்டும் கூறி, பெட்டியை அவர் மேசைமீது வைத்துவிட்டுத் திரும்பினேன்.

பத்து நாள் கழித்து, பாடல்களையும் மீண்டும் ஏற்றி, அவரே வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஒலி இருந்தது. எப்போது? எல்லாம் எழுந்து முடிந்தபின், நாற்பதாம் நொடியில், ஆங்கிலத்தில் ஒரு வரவேற்பு. அதற்குள் துணைவியாரின் கை சுவிட்சுக்குப் போய்விட்டது; நான்தான் பிடித்து நிறுத்தினேன். அவர் கடைக்காரரின் பக்கம் திரும்பினார்.

“ஏந்தம்பி, வாசல்ல ஒருத்தர் கூப்ட்டா உள்ளாற இருந்தே ‘இருங்க, வரேன்’னு சொல்றமில்ல? உங்க வூட்டுல சோறு வெந்து எல போட்டப்பறந்தான் சொல்லுவீங்களா?”

கடைக்காரர் சிரித்துவிட்டார். பிறகு மடிக்கணினியை இணைத்து உட்கார்ந்தார். பாட்டு நிரலுக்காகக் காத்திராமல், ஒலிப்பகுதி உயிர்பெற்ற உடனே குரல் எழும்படி வரிசையை மாற்றினார். துணைவியார் கேட்டபடியே அந்தச் சொற்களைக் கடைக்காரர் தம் குரலில் பதிவு செய்தார். அரைமணி நேரம்கூட ஆகவில்லை. இந்த அரைமணி வேலைக்காகவா ஒருவர் இத்தனை நாள் ஊமைப் பெட்டியோடு போராடினார்? இனிச் செய்யும் பெட்டிகளிலும் இதை வைப்பீரா என்று கேட்டேன். கேட்பவர்களுக்குப் போட்டுத் தருவதாகச் சொன்னார். கேட்கத் தெரியாதவர்கள் என்ன செய்வார்கள்?

துணைவியார் பொத்தானை அழுத்தினார். ஏழெட்டு நொடியில் “இருங்க, வரேன்” என்றது பெட்டி. அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்; பாட்டு வந்தது.

கடைக்காரர் போன பின்னும் நான் அங்கேயே நின்று பொருமிக்கொண்டிருந்தேன்.

“நீங்களும் போய் உங்க வேலயப் பாருங்க,” என்றார் துணைவியார். “நான் பாட்டு கேக்கணும்.”