உயிரோடு இருப்பவர்களின் போல்டர்

எனக்கு இங்கிலிஸ் வாசிக்க வராது. எட்டாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் புங்குடுதீவில் இருக்கும் என் கடையில் படங்களைத் திருத்துவது ஒரு புரோகிராம்தான். கொழும்பில் கொம்பியூட்டர் வேலை செய்யும் தங்கை எழுதித் தந்தது.

முந்தி ஒவ்வொரு படமாகத் திறக்க வேண்டும். வெளிச்சம் கூட்டி, அளவுக்கு வெட்டி, கரை போட்டுச் சேமிக்க வேண்டும். ஒரு செத்தவீட்டுக்கு வெளிநாட்டுச் சொந்தங்கள் அனுப்பும் படங்களிலேயே கிழமை போய்விடும். மணிக்கட்டு வீங்கும். இப்போது எல்லாவற்றையும் ஒரு போல்டரில் போட்டு, கறுப்புத் திரையில் தங்கை தந்த வரியை ஒட்டி, என்ரர் அடித்தால் சரி. தேத்தண்ணி ஆறுமுன் முடிந்துவிடும்.

நெடுந்தீவில் ஒரு மீன்பிடிக் குடும்பம். தகப்பன் வருத்தத்தில் மோசம் போய்விட்டார். முப்பத்தோராம் நாள் பூசைக்கு வருகிறவர்களுக்கு ரீவியில் போட்டுக்காட்டப் படம் கேட்டார்கள். தகப்பனின் படங்களுக்குக் கறுப்புக் கரை, கீழே மெழுகுதிரி, அவர் இறந்த திகதி. மனைவி, ஒரே மகன், படகு என்று மற்றப் படங்களும் இருந்தன. அவற்றுக்கு வெளிச்சம் மட்டும் கூட்ட வேண்டும்.

தகப்பனின் படங்களை ஒரு போல்டரில் போட்டேன். மற்றவற்றுக்கு இன்னொரு போல்டர் செய்து, அதைத் தகப்பனின் போல்டருக்குள்ளேயே வைத்தேன். ஒரு வீட்டுச் சாமான் ஒரு இடத்தில் இருக்கட்டும் என்ற நினைப்பு. இரண்டுக்கும் தனித்தனி வரி ஒட்டி என்ரர் அடித்தேன். முதல் நாலைந்து படத்தைப் பார்த்தேன். வடிவாக வந்திருந்தன. பென்ட்ரைவில் ஏற்றி, உறையில் போட்டு, குறிகட்டுவான் இறங்குதுறையில் காலைப் படகுக்காரரிடம் கொடுத்துவிட்டேன்.

கடைக்குத் திரும்பிய பிறகுதான் மிச்சத்தைப் பார்த்தேன். மகன் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு சிரிக்கிறான். சுற்றிவரக் கறுப்புக் கரை. காலடியில் மெழுகுதிரி. கீழே திகதி.

அடுத்த படமும் அப்படி. அதற்கடுத்ததும்.

தங்கைக்குப் போன் அடித்தேன்.

"அக்கா, அது உள்ளுக்கை கிடக்கிற போல்டருக்கும் போகும். சொல்ல மறந்திட்டன்."

"உயிரோடை இருக்கிற பெடியன் எண்டு அதுக்குத் தெரியாதோ?"

"அதுக்கு ஆர் இருக்கினம், ஆர் செத்தவை எண்டு என்னெண்டு தெரியும்? எல்லாம் படம்தான். ஒரு வரி மாத்தினாச் சரி. பயப்பிடாதை."

மாற்றி அனுப்பினாள். திரும்ப ஓடவிட்டேன். இந்த முறை ஒவ்வொரு படமாகப் பார்த்தேன். சரியாக இருந்தன. வேறொரு பென்ட்ரைவில் ஏற்றினேன். நெடுந்தீவு வீட்டுக்கு அடித்தால் எடுக்கிறார்கள் இல்லை. படகுக்காரரைப் போனில் பிடித்தேன்.

"அது குடுத்தாச்சு பிள்ளை. தாய்தான் வாங்கினவ. மகன் விடியமுந்தியே கடலுக்குப் போயிட்டானாம், இன்னும் வரேல்லை எண்டு கரையைப் பாத்துக்கொண்டு நிண்டவ."

கடையைப் பூட்டினேன். சோளகக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. இறங்குதுறையில் அடுத்த படகு துள்ளிக்கொண்டு நின்றது.

"ஓடுமோ அண்ணை?"

"ஓடும். ஏன் இந்தக் கடலுக்குள்ளை? நெடுந்தீவிலை மாப்பிளை பாத்து வைச்சிருக்கினமோ?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. படகுக்குள் பாதிப் பேர் தலையை வெளியே நீட்டிச் சத்தி எடுத்தார்கள். நான் பென்ட்ரைவைக் கைலேஞ்சியில் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தேன். மகன் பிந்தி வந்தால் பரவாயில்லை. வராமல் போனால், அவனுக்கு முதல் மெழுகுதிரி வைத்தது நான். அதையே நினைத்துக்கொண்டு போனேன். வேறு எதையும் நினைக்க ஏலவில்லை.

கல்வேலி ஓரமாக நடந்து அந்த வீட்டுக்குப் போனேன். தாய் முற்றத்தில் நின்றார். என்னைக் கண்டதும் கையில் இருந்த சுளகை நிலத்தில் வைத்தார்.

"என்ன பிள்ளை?"

நான் அவரைத் தாண்டி வீட்டுக்குள் எட்டிப் பார்த்தேன்.

"கரையிலை என்ன சொல்லினம்? ஆர் உம்மை அனுப்பினது? சொல்லும்."

அப்போதுதான் விளங்கியது. அவர் படங்களைப் பார்க்கவில்லை. உறை பிரிக்காமல் ரீவிக்கு மேலே கிடந்தது. மகன் வந்துதான் போடுவான். அந்த வீட்டுக்குப் பயத்தைக் கொண்டுவந்தது நான்தான், என் முகத்தில்.

"ஒண்டுமில்லை அன்ரி. படம் பிழைச்சுப்போச்சு. மாத்த வந்தனான்."

"படத்துக்கு ஆரும் இந்தக் கடலைத் தாண்டி வருவினமோ? மறைக்காதையும் பிள்ளை."

எத்தனை தரம் சொல்லியும் நம்பவில்லை. வேறு வழி இல்லாமல் உறையைப் பிரித்து ரீவியில் போட்டேன். எதை மறைக்கக் கடல் தாண்டி வந்தேனோ, அதையே காட்டினேன்.

மகனின் படத்தை அவர் கனநேரம் பார்த்தார். அழவில்லை. அடுத்ததாக அவருடைய படம் வந்தது.

"இது நானெல்லே."

"ஓம்."

"நல்ல சீலைதான். என்ரையை அழிச்சுப்போடாதையும். நான் போன பிறகு ஆரும் தேடத் தேவையில்லை." பிறகு குரல் மாறியது. "அவன்ரை இந்த வீட்டுக்குள்ளை இருக்கக் கூடாது."

பென்ட்ரைவைக் கழற்றி, தோளில் கொழுவியிருந்த என் பைக்குள் போட்டேன்.

"பையையும் வெளியாலை வையும்."

கொண்டுபோய்க் கல்வேலிக்கு மேலே வைத்தேன். இரண்டு பேரும் வாசலில் நின்றோம். அவர் கதிரை காட்டி என்னை இருக்கச் சொல்லவில்லை. நானும் இருக்கவில்லை. கடல் பக்கம் இருந்து காற்றுச் சத்தம்தான் வந்தது. இடைக்கிடை எஞ்சின் போலக் கேட்கும். அது வேறு யாருடையதாவது இருக்கும்.

வெயில் சாயத் தொடங்கிய நேரம் ஒழுங்கையால் ஒருவன் வந்தான். படத்தில் சிரித்த அதே முகம், முழங்கால்வரை நனைந்த சாரம். ஒரு கையில் மீன் கோர்வை. மறு கையில் என் பை.

"ஆரின்ரை பை இது? வேலியிலை கிடந்தது, காகம் கொத்துது."

நானும் தாயும் ஒன்றாகக் கை நீட்டினோம். நான் பறித்துக்கொண்டேன்.

"என்னக்கா, அப்பிடி என்ன கிடக்கு உதுக்குள்ளை?"

"படம்," என்றேன்.

"அப்ப போட்டுப் பாப்பமே. இதைப் போனிலை அனுப்பேலாதோ? கடல் கிடக்கிற கிடைக்கு வந்திருக்கிறீங்கள். எங்கடை எஞ்சினே ரெண்டு தரம் நிண்டுபோச்சு."

தாய் அவனைத் தலையில் இருந்து கால்வரை பார்த்தார்.

"முதல் உப்பைக் கழுவு. பிறகு படம் பாக்கலாம்."

அவன் கிணற்றடிக்குப் போனான். சரியான பென்ட்ரைவ் அப்போதும் என் கைக்குள்ளேயே இருந்தது. கைலேஞ்சி வேர்வையில் ஊறியிருந்தது. சட்டையில் துடைத்து, ரீவிக்குப் பக்கத்தில் வைத்தேன்.